கள்ளிமேட்டில் ஒரு வார்த்தை

உக்காருங்க சார், நல்லாத் தாராளமா உக்காருங்க. ஆனா அந்தப் பையை மட்டும் இப்படிக் குடுத்துருங்க, மடியில வெச்சுக்கறேன். உள்ள பட்டுப் பாவாடை இருக்குது, கசங்கிப் போகும். சீட்டுக்கு மேல என்ன எழுதியிருக்குதுன்னு பாக்கறீங்களா? சட்டமன்ற உறுப்பினர்னு. அட, அதுக்கெல்லாம் பயந்துக்காதீங்க. இத்தனை நேரம் அந்த எடத்துல கோழிக்கூடைதான் இருந்துது. எந்த எம்.எல்.ஏ. பஸ்ஸுல வர்றான்?

நான் வர்றனே, அதையுஞ் சொல்லோணும். தெய்வசிகாமணின்னு பேரு. செங்காட்டூர்த் தொகுதியில ரெண்டு வாட்டி இருந்தனுங்க. இப்ப முன்னாள். மெதுவாப் பேசுங்க சார், எந்திரிக்க வேண்டாம், கும்பிட வேண்டாம். தலையில துண்டைப் போட்டுட்டு எதுக்கு உக்காந்திருக்கறேன்னு நெனைச்சீங்க? வெயிலுக்குன்னா?

மொகத்தைப் பாத்தாலே வாத்தியாருன்னு தெரியுது. கள்ளிமேட்டுப் பள்ளிக்கூடத்துக்கா? இன்னைக்குத்தான் வேலையில சேரப் போறீங்களா? நல்லதாப் போச்சு. சொந்த ஊரு எந்தப் பக்கம்? திருவண்ணாமலைங்களா. அப்ப இந்தப் பக்கத்துப் பழமை ஒண்ணும் உங்களுக்குத் தெரியாது. அதுவும் நல்லதுதானுங்க.

என்ற ஜோப்புல பஸ் பாஸ் இருக்குது. ஆயுசு முழுக்கச் செல்லும். காட்டுனா அந்தக் கண்டக்டர் தம்பி 'எக்ஸ் எம்.எல்.ஏ. ஒண்ணு'ன்னு பஸ்ஸு பூராவும் கேக்கறாப்பல கத்துவான். அதனால கைக்காசு போட்டு டிக்கெட் எடுத்துட்டேன், கரட்டுப்பாளையத்துக்கு. அது கடைசி ஸ்டாப்பு. நான் போக வேண்டியதும் உங்க கள்ளிமேடுதானுங்க. ஆனா டிக்கெட்டைக் கடைசிக்கு எடுத்து வெச்சுக்கிட்டா நடுவுல எங்க வேணாலும் எறங்கிக்கலாம் பாருங்க. அரசியல்ல நான் படிச்ச மொதப் பாடமே அதுதான்.

இன்னைக்கு என்ற பேத்திக்குக் காதுகுத்து. எனக்கு ஒரே பொண்ணு, கோகிலவாணி. கள்ளிமேட்டுலதான் கட்டிக் குடுத்திருக்கறேன். அவளுக்கு ஒரே கொழந்தை, மகிழினி. எங்க பக்கம் தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் மொட்டையடிச்சுக் காது குத்தறது. எனக்குப் பையன் இல்லியே. மாமன் இல்லாத கொழந்தைக்கு அப்புச்சி மடிதான். அம்மாவைப் பெத்தவனை நாங்க அப்புச்சிம்போம். அப்ப அது நான்தானுங்களே? கொழந்தையும் ஆரு கூப்பிட்டாலும் போகாம 'அப்புச்சி மடி, அப்புச்சி மடி'ங்குதாம். இந்தச் சின்ன டப்பாவுல கம்மல் இருக்குது. பாருங்க, வேப்பம்பூ அளவுக்குத்தான் இருக்கும். நானே கடைக்குப் போயிப் பொறுக்கி எடுத்தது.

வீட்டுக்காரி சொர்ணம் நேத்தே போயிட்டா. அவளுக்கு ஒரு தடையும் இல்லை. தடை எனக்குத்தான்.

கள்ளிமேட்டு ஸ்டாப்புல ஒரு போராட்டப் பந்தல் போட்டிருக்கறாங்க. பந்தலுக்கு முன்னால ஒரு பேனரு. பேனர்ல என்ற போட்டோ. கீழ என்ன எழுதியிருக்குதுன்னு என்ற வாயால சொல்ல மாட்டேன், எறங்கறப்ப நீங்களே படிச்சுக்குங்க. அந்தப் பந்தல்ல இருக்கற பாசனச் சங்கத்துல என்ற மாப்பிள்ளை குணசேகரனும் ஒரு ஆளு. அவர் ஃபோன்ல சொல்றாருங்க: 'மாமா, தாராளமா வாங்க. ஆனா ஸ்டாப்புல எறங்குனா பந்தலைத் தாண்டித்தான் ஊருக்குள்ள வரோணும். பந்தல்ல நின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. வாய்க்காலுக்குக் கான்கிரீட் வேணுமா, வேண்டாமா? வேணும்னு சொன்னீங்கன்னா மாலை போட்டுக் கூட்டிட்டுப் போறோம். வேண்டாம்னு சொன்னாலும் சரி, மாலை கெடையாது, ஆனா மொறைக்கு வந்து மடியில வெச்சுக் குத்திட்டுப் போங்க. ஒருத்தரும் குறுக்க நிக்க மாட்டாங்க, நான் பேசிட்டேன். ஆனா பாக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க.'

மாமனாருகிட்டப் பேசற பேச்சுங்களா இது? நீங்களே சொல்லுங்க.

உங்களுக்கு வாய்க்கால் விசியம் தெரியாதில்ல, சொல்றேன். பெரியமதகு வாய்க்கால்னு ஒண்ணு. இதா, ரோட்டுக்குக் கூடவே வருது பாருங்க, அதுதான். தலைமாட்டுல இருக்கறது அரசம்புதூர், என்ற ஊரு. கால்மாட்டுல இருக்கறது கள்ளிமேடு. அணையில தண்ணி தொறந்தா மொதல்ல எங்களுக்கு, கடைசியில அவங்களுக்கு. வாய்க்கால் மண்ணு வாய்க்கால். போற வழியெல்லாம் தண்ணி கசியும். கசியறதாலதான் எங்க அரசம்புதூர்ல கெணறெல்லாம் ஊறுது. கசியறதாலதான் கள்ளிமேட்டுக்குத் தண்ணி போய்ச் சேரறதில்லை. கான்கிரீட் போட்டா அவங்க வயலு நனையும், எங்க கெணறு வத்திப் போகும். போடலைன்னா எங்க கெணறு நெறையும், அவங்க வயலு காயும். அவ்வளவுதானுங்க விசியம். பச்சைக் கொழந்தைக்குக் கூடப் புரியும்.

இதுல ஒரு எம்.எல்.ஏ. என்ன பண்ணுவான்? நான் அரசம்புதூருக்குப் போனா அரசம்புதூருக்காரன் சொல்றதைக் கேட்டேன். 'கான்கிரீட் போட வர்ற வண்டிக்கு முன்னால நான் படுப்பேன்'னு பேசினேன். கைதட்டல் அடங்க நேரமாச்சு. கள்ளிமேட்டுக்குப் போனா கள்ளிமேட்டுக்காரன் சொல்றதைக் கேட்டேன். 'கடைமடை நனையாம நான் ஓய மாட்டேன்'னு பேசினேன். ஒரு பெரியம்மா என்ற கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிச்சு. இதைப் போயி இப்ப ரெண்டு நாக்குங்கறாங்க. மக்கள் கருத்தைக் கேக்கறதுதானே சார் மக்கள் பிரதிநிதி வேலை? ரெண்டு ஊருலயும் மக்கள் இருந்தா ரெண்டு கருத்து இருக்கும். அதுக்கு நான் என்ன பண்றது?

வாய்க்கால்னு மட்டும் இல்லீங்க. எதுலயும் நான் அப்படித்தான். செங்காட்டூர்ல புதுத் தாலுக்கா வருதுன்னாங்க. தாலுக்கா ஆபீஸ் எங்களுக்குத்தான் வேணும்னு செங்காட்டூர்க்காரங்க, எங்களுக்குத்தான்னு நாச்சிபுதூர்க்காரங்க. நான் ரெண்டு பேருத்துக்கும் சரின்னுட்டேன். கடைசியில மேல இருக்கறவங்ககிட்டப் பேசி ரெண்டு ஊருக்கும் நட்ட நடுவுல கட்ட வெச்சேன். பொட்டல்தான். பஸ்ஸு நிக்காது, டீக்கடை கெடையாது. ஒரு சர்டிபிகேட் வாங்கோணும்னா ரெண்டு ஊருக்காரனும் வெயில்ல நடக்கோணும். ஆனா ஒருத்தனுக்கு அநியாயம், ஒருத்தனுக்கு நியாயம்னு சொல்ல முடியுமா? அதே மாதிரித்தான் சாராயக்கடையும். கோயில் வீதியில வேண்டாம்னு பொம்பளைங்க மறியல் பண்ணினாங்க, நான் முன்னால நின்னேன். கடை இல்லாம சிரமமா இருக்குதுன்னு ஆம்பளைங்க மனு குடுத்தாங்க, அதையும் வாங்கிக்கிட்டேன். கடையைச் சுடுகாட்டுப் பக்கத்துல வெக்கச் சொன்னேன். வீட்டுக்காரிதான் சொல்லுவா, 'உங்களுக்குக் குடிக்கத் தண்ணி வேணுமான்னு கேட்டாக் கூடப் பாக்கலாம்னுதான் சொல்றீங்க, நான் சொம்போட நிக்கறேன்'னு. அவ வாய் அப்படித்தானுங்க.

'பாக்கலாம் எம்.எல்.ஏ.'ன்னே எனக்குப் பேரு வெச்சாங்க. வெச்சவன் கெட்டவன் இல்லை. பாக்கலாம்ங்கறது நல்ல வார்த்தைதானே? இல்லைன்னு சொல்றதுக்கு மனசு வராதவன் சொல்ற வார்த்தை அது.

சார், சார், ஒரு நிமிசம். கொஞ்சம் இந்தப் பக்கமாச் சாஞ்சு உக்காருங்க, ஜன்னலை மறைச்சாப்பல. நான் செருப்பு வாரைப் போட்டுக்கறேன். ஆமாங்க, வாரு நல்லாத்தான் இருக்குது. என்ற ஊரு வருது. பஸ்ஸு நிக்கறப்ப என்னைப் பாக்காதீங்க, வெளிய பாருங்க. அங்க ஒரு பந்தல் தெரியுதா? பச்சைத் துண்டு போட்டுட்டு உக்காந்திருக்கறாங்களா? முன்னால கட்டக் குட்டையா, மீசை வெச்சுட்டு ஒருத்தன் நாக்காலியில இருக்கறானா? அவன் என்ற தம்பி. கூடப் பொறந்தவன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கெணறு. பேனர்ல போட்டோ இருக்குதுங்களா? ஆமா, அதே போட்டோதான். ரெண்டு ஊருலயும் ஒரே போட்டோ. தேர்தலுக்கு நான் எடுத்தது, கும்பிட்டாப்பல. அவங்கவங்க கீழ எழுதறதை மட்டும் மாத்திக்கிட்டாங்க.

கெளம்பிருச்சா? போய்ட்டமா? ஸ்... அப்பா. இடுப்பு புடிச்சுக்கிச்சு.

எதுக்கு ஒளியறீங்கன்னு கேக்கறீங்க. சீர்ப் பையோட கள்ளிமேட்டுக்குப் போறேன்னு தெரிஞ்சா, அங்க எறங்கி என்ன சொல்லப் போறேன்னு கேப்பாங்க. இந்த ரூட்டுல ஒரே பஸ்ஸு. அதனால விடியறதுக்குள்ள காட்டு வழியா ஒரு மொபெட்டுல டவுனுக்குப் போயி, அங்கிருந்து இந்தப் பஸ்ஸைப் புடிச்சு, என்ற ஊரு வழியாவே வர்றேன். சொந்த ஊருல திருடனாட்டம் குனிஞ்சுட்டுப் போறேன். ரெண்டு வாட்டி ஜெயிச்சவன் சார் நான்!

எல்லாம் அந்த மேசையால வந்தது.

மேசை தட்டறதுன்னா தெரியுமில்ல? சட்டசபையில கை தட்டக் கூடாது. புடிச்ச பேச்சுக்கு மேசையைத் தட்டோணும். நம்ம அமைச்சர் பேசினா நாம தட்டோணும். அவங்க ஆளு பேசினா அவங்க தட்டுவாங்க, நாம கல்லாட்டம் உக்காந்திருக்கோணும். நான் புதுசாப் போனப்ப ஒரு சீனியர் சொல்லிக் குடுத்தாரு. 'தம்பி, காது கேக்காட்டியும் கை கேக்கோணும். பக்கத்துல இருக்கறவன் தட்டினா நீயும் தட்டு. உன்ற தொகுதிப் பேரோ உன்ற பேரோ வந்துதுன்னா மத்தவனுக்கு முந்தித் தட்டு, எல்லாத்தையும் விடச் சத்தமாத் தட்டு.' நான் பேசினது கம்மிங்க சார். பின்வரிசைக்காரனுக்கு எங்க பேச விடறாங்க. ஆனா தட்டுறதுல என்னை அடிச்சுக்க ஆளு கெடையாது. இந்த மோதர வெரலைப் பாருங்க, காப்புக் காய்ச்சிருக்குது.

அன்னைக்குப் பாசனத்துறை மானியக் கோரிக்கை. ராத்திரி பூரா ரயில்ல வந்தவன், கண்ணு சொருகுது. அமைச்சர் படிச்சுட்டே போறாரு. 'செங்காட்டூர்த் தொகுதி...'ன்னு காதுல விழுந்துது. தட்டினேன். மத்தவனுக்கெல்லாம் முந்தித் தட்டினேன், எந்திரிச்சு நின்னு ஒரு கும்பிடும் போட்டேன். அப்பறந்தான் மீதி கேக்குது: 'பெரியமதகு வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் அமைக்கப்படும்.' சரி, போனது போச்சு. கட்சி முடிவு, நான் தட்டாட்டித்தான் தப்பு. உக்காந்துட்டேன். மறுபடியும் கண்ணு சொருகிருச்சு.

சித்த நேரங் கழிச்சு எதிர்க்கட்சியில ஒருத்தர் எந்திரிச்சாரு. முத்துவேலப்பன்னு, பக்கத்துத் தொகுதிக்காரரு, விசமம் புடிச்ச ஆளு. 'அண்ணன் செங்காட்டூர் தெய்வசிகாமணி அவர்கள்...'ன்னாரு. என்ற பேருங்க! 'அரசம்புதூர்ப் பொதுக்கூட்டத்துல அழகாச் சொன்னாரு. மண்ணு கரை இருந்தாத்தான் கெணறு ஊறும், கான்கிரீட் போட வர்ற வண்டிக்கு முன்னால நான் படுப்பேன்னு சொன்னாரு.' என்ற பேச்சு! ஒரு வார்த்தை மாறாம என்ற பேச்சு! கை கேட்டுருச்சு சார். படபடபடன்னு தட்டிட்டேன்.

எங்க வரிசை பூராவும் நான் ஒருத்தன்தான் தட்டறேன். சத்தம் எனக்கே திரும்பி வருது. முன்வரிசையில இருக்கறவங்க ஒவ்வொருத்தரா ஆருடா அதுன்னு திரும்பறாங்க. அமைச்சர் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாக்கறாரு. சபாநாயகர் நல்ல மனுசன், குறும்புக்காரர். 'உறுப்பினர் எதற்காகத் தட்டினார் என்பதைத் தெளிவுபடுத்தலாம்'னாரு. எந்திரிச்சேன். மைக்கு போட்டாங்க. அத்தனை வருசத்துல நான் கேக்காம எனக்கு மைக்கு வந்தது அந்த ஒரு வாட்டிதான்.

என்ன சொல்லட்டும்? மொதத் தட்டு சரின்னா அரசம்புதூர் போச்சு. ரெண்டாந் தட்டு சரின்னா கட்சியும் போச்சு, கள்ளிமேடும் போச்சு. நான் கும்பிட்டேன். 'ரெண்டுக்குந்தானுங்க ஐயா'ன்னேன்.

சபையே சிரிச்சுது. எங்க தலைவர் மட்டும் சிரிக்கலை.

அது டிவியில வந்துது, ஃபோன்ல வந்துது. தட்டறதையும் கும்பிடறதையும் பாட்டுப் போட்டு ஆட விட்டானுங்க. கொறடா கூப்பிட்டு உட்டு வாங்கு வாங்குன்னு வாங்குனாரு. அடுத்த தேர்தல்ல சீட்டு இல்லைன்னுட்டாங்க. பந்தலு ரெண்டும் அப்ப மொளைச்சதுதான். ஒரு கட்டத்துல நானே மேல போயி ஒரு யோசனை சொன்னேன். தலைமாட்டுலயும் வேண்டாம், கால்மாட்டுலயும் வேண்டாம், நடுவுல மட்டும் கான்கிரீட் போட்டுப் பாக்கலாம்னு. போட்டாங்க. இதா, வெளிய பாருங்க, வெள்ளை வெளேர்னு வருது பாருங்க, அது என்ற யோசனைதான். எப்படி இருக்குது? இந்த எடத்துல ஊரும் இல்லை, வயலும் இல்லை, கேட்டவனும் ஆரும் இல்லை. ஆனா வேலை நடந்திருக்குதில்ல?

என்ன சார் கேட்டீங்க? சத்தத்துல விழுகலை. என்ற கருத்தா? எனக்கு என்ன தோணுதுன்னா?

அரசம்புதூர்க்காரங்க என்ன சொல்றாங்கன்னா... இல்லையா, அது வேண்டாமா. கட்சி நெலைப்பாடு... அதுவும் வேண்டாமா. நான், நானு.

சிரிப்பு வருதுங்க சார். இத்தனை வருசத்துல இதை எவனும் கேட்டதில்லை. கருத்து வெச்சிருந்தா சீட்டு குடுப்பாங்களா? வெத்து மண்பானையாட்டம் இருந்தாத்தான் எவன் தண்ணியும் புடிக்கும். நீங்க வாத்தியாரு, உங்களுக்குக் கேள்விக்கு ஒரு பதில்தான் சரி, மத்ததெல்லாம் தப்பு. எங்க பொழப்பு அப்படியில்லீங்க.

ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போயிக் கொழந்தையை மடியில வெச்சுக்குங்கன்னு நெனைக்கறீங்க. உங்க மொகத்துல தெரியுது. வேணும்னு சொல்றேன்னு வெச்சுக்குங்க. நான் பந்தலை உட்டு நகர்றதுக்குள்ள ஃபோன்ல அது அரசம்புதூர் போயிரும். தம்பி நாக்காலியைத் தூக்கிட்டு என்ற வீட்டு வாசல்ல வந்து உக்காருவான். கெணத்துல எனக்குப் பாத்தியம் இல்லைம்பான். வேண்டாம்னு சொல்றேன்னு வெச்சுக்குங்க. கோகிலவாணி வயலு வாய்க்காலோட கடைசி மடையில இருக்குதுங்க சார். போன வருசம் நெல்லு பாலு புடிக்கறப்ப தண்ணி நின்னு போச்சு. நாத்தா நட்டதையெல்லாம் மாட்டை உட்டு மேய்ச்சுட்டாங்க. அவளும் ஃபோன்ல பேசினா. 'அப்பா, வேண்டாம்னே சொல்லுங்க. எம் முன்னால நின்னு சொல்லுங்க. நான் ஒரு பாட்டம் அழுதுட்டு, அப்பறம் உங்களுக்கு எலை போட்டுச் சோறு போடறேன்'னா. பாருங்க, அவளே சொல்றா. நான் என்ன சொன்னேன்? பாக்கலாம் சாமின்னேன். ஃபோனை வெச்சுட்டா.

இன்னொரு விசியம் உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இந்த வாட்டி கட்சியில என்ற பேரு மறுபடியும் அடிபடுது. ஆமாங்க. ரெண்டு பக்கமும் பேசத் தெரிஞ்ச ஆளு வேணுமாம். இப்பப் போயி நான் ஒரு பக்கம் வாயை உட்டுட்டன்னா என்ன ஆகறது? ஒரு வார்த்தையில ஒரு பக்கத்து ஓட்டு பூராவும் போயிரும். கொஞ்ச நாளைக்குப் பல்லைக் கடிச்சுட்டு இருந்தாப் போதும். ஜெயிச்சு வந்துட்டன்னா ரெண்டு பந்தலையும் நானே பிரிச்சுருவேன். கொழந்தைக்கு என்ன, இன்னொரு காதுகுத்தா வைக்க முடியாது... ஆமா, முடியாதுதான். காது ஒரு வாட்டிதான் குத்துவாங்க.

நான் போகலைன்னா சங்கத் தலைவர் மடியில வெச்சுக் குத்திக்கறோம்னு மாப்பிள்ளை சொல்லிட்டாரு. அவர் எதோ ஒரு வகையில கோகிலாளுக்கு அண்ணன் மொறை ஆகுதாம். மேடையில என்னைத் துரோகின்னு சொன்ன ஆளு. அவன் மடியில என்ற பேத்தி! மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிம்பாங்க. மத்தளமாவது இடி வாங்குனாச் சத்தம் போடுது.

கள்ளிமேடு வந்துருச்சா? அந்தப் புளியமரம் தாண்டுனா ஸ்டாப்பு. இல்லீங்க, நான் எறங்கறேன். எறங்கத்தான் போறேன். டப்பாவைப் பையில போட்டுக்கறேன். துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கறேன். சட்டை சரியா இருக்குதுங்களா? 'வேணும்'னு சொல்லிட்டு விறுவிறுன்னு நடந்துட்டா? இல்லை, 'வேண்டாம்'னு சொன்னாலும் மொறைக்கு வரலாம்னு மாப்பிள்ளை சொன்னாரே, அதைச் சொல்லிட்டா? சொல்லுங்க சார், எது சொல்லட்டும்? நீங்க வெளியூர், நீங்க சொன்னா சொல்லிடறேன். நீங்களும் சொல்ல மாட்டீங்களா? பாத்தீங்களா, கஷ்டமா இருக்குதில்ல?

அய்யோ, அதா நிக்கறாரு பாருங்க மாப்பிள்ளை. பந்தலுக்கு முன்னால. இடுப்புல கொழந்தை. சந்தனங்கூடப் பூசலை, மொட்டையடிக்காம முடியோட வெச்சிருக்கறாங்க. எனக்காகத்தான் காத்திருக்கறாங்க. அவன் மடியில இன்னும் வெக்கலை சார். சொர்ணமும் நிக்கறா. கோகிலா நிக்கறா. பந்தல்ல உக்காந்திருந்தவங்கெல்லாம் எந்திரிக்கறாங்க பாருங்க. ஒருத்தனும் கையில கல்லு வெச்சிருக்கலை. சும்மா பஸ்ஸையே பாக்கறாங்க. எந்த வாசல்ல எறங்கறேன்னு பாக்கறாங்க.

நீங்க எறங்குங்க. முன்னால நீங்க எறங்குங்க, நான் பின்னாலயே வர்றேன். போங்க, கண்டக்டர் விசில் ஊதிருவான்.

சார்! சார், இங்க, ஜன்னலுக்கு வாங்க. இந்தாங்க, பையைப் புடிங்க. நல்லாப் புடிங்க, உள்ள டப்பா இருக்குது. முட்டி புடிச்சுக்கிச்சு, எந்திரிக்க முடியலை. முட்டிதானுங்க. அந்தச் செவப்புப் பொடவை, கொழந்தை பக்கத்துல நிக்கறா பாருங்க, அதுதான் கோகிலா, அவகிட்டக் குடுத்துருங்க. பாப்பா இங்கியேதான் பாக்குது. என்னைப் பாத்துருச்சோ? துண்டு... துண்டை எங்க வெச்சேன்?

சார், ஒண்ணு சொல்லிருங்க. பாப்பா கேட்டா அப்புச்சி வந்துருக்கறாருன்னு சொல்லுங்க. பெரியவங்க கேட்டா வரலைன்னு சொல்லுங்க. ரெண்டும் நெசந்தானுங்களே சார்?